நோகாமல், சிந்தாமல், வழுக்காமல்: ‘ஜிஞ்சர்லி’ என்ற சொல் பற்றி

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தொடக்கநிலை 5 படிக்கும் மகன், துணைப்பாட வகுப்பில் கொடுத்த ‘நல்ல சொற்கள்’ பட்டியலிலிருந்து ‘ஜிஞ்சர்லி’யை எடுத்து ஆங்கிலக் கட்டுரையில் போட்டிருக்கிறான். புளோக்குக்குக் கீழே வெற்றுத்தளத்தில் விழுந்து கிடந்த ஒரு தாத்தாவுக்கு உதவ, ‘ஐ ஜிஞ்சர்லி ரேன் டுவர்ட்ஸ் ஹிம்’ என்று எழுதியிருக்கிறான். பள்ளி ஆசிரியர் அந்தச் சொல்லைச் சிவப்பில் வட்டமிட்டுவிட்டார். அகராதியைப் புரட்டினால் ‘கவனமாக, எச்சரிக்கையாக’ என்று இருக்கிறது. கவனமாக ஓடுவது தப்பா என்று கேட்கிறீர்கள். இஞ்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் மாமியார் கேட்டதையும் சேர்த்திருக்கிறீர்கள். மாமியாரின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், அதுதான் சுவையானது. உங்கள் கேள்வி, அகராதி சொன்ன பொருளை மாற்றாமல் வைத்தும் வாக்கியம் ஏன் இடிக்கிறது என்பதுதான்.

நான் சில ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். அப்புறம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவே உரைபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு என்று பிழைப்பு நடத்துகிறேன். சொல் வரலாற்றில் நான் ஆய்வாளன் இல்லை. அந்தப் பகுதியில் நல்ல அகராதிகள் சொல்வதை மட்டும் சொல்வேன். பயன்பாட்டைப் பற்றி மட்டும் தைரியமாகப் பேசுவேன், ஏனென்றால் இந்தச் சொல்லில் நானே ஒருமுறை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன்.

அது ஒரு மருத்துவமனை இயன்மருத்துவப் பிரிவில். கணுக்கால் எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்து, முதல்முறையாகக் காலைத் தரையில் வைக்கப் போகும் ஒரு பாட்டி. அவருக்குத் தமிழ் மட்டும்தான். சிகிச்சையாளர் பாட்டியின் கைகளை நடைவண்டியில் பிடிக்க வைத்துவிட்டு, ‘ஜஸ்ட் ஜிஞ்சர்லி, ஆன்ட்டி’ என்றார். நான் யோசிக்கவே இல்லை. ‘கவனமாக் காலை வைங்க, பாட்டி’ என்றேன். பாட்டி நான் சொன்னதை அப்படியே செய்தார். குனிந்து தரையைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், கட்டில் சக்கரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். எல்லாம் பார்த்து முடித்து, முழு எடையையும் அந்தக் காலில் இறக்கினார். ‘ஐயோ’ என்ற சத்தம் வெளி வராந்தா வரைக்கும் கேட்டிருக்கும். நான் மன்னிப்புக் கேட்டபோது பாட்டி சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: ‘பார்த்துத்தானே தம்பி வெச்சேன், கீழே ஒண்ணுமே இல்லையே!’

பாட்டி மேல் ஒரு தப்பும் இல்லை. கவனம் என்பது மனத்தின் வேலை, கண்ணின் வேலை. எதையும் விட்டுவிடாமல் பார்ப்பது. ஜாக்கிரதை என்ற வடசொல்லுக்கும் அடிப்படை விழித்திருப்பதுதான். சிகிச்சையாளர் சொன்னது விழிப்பைப் பற்றி இல்லை, அழுத்தத்தைப் பற்றி. எவ்வளவு எடை, எவ்வளவு மெதுவாக, வலித்தால் எவ்வளவு சீக்கிரம் பின்வாங்குவது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. இரண்டாம் தடவை நான் மாற்றிச் சொன்னேன்: ‘நோகாம, சும்மா தொட்டுப் பாருங்க பாட்டி. வலிச்சா உடனே எடுத்துடுங்க.’ பாட்டி முதலில் பெருவிரலை மட்டும் இறக்கினார், உச்சிவெயிலில் கடற்கரை மணலில் கால் வைப்பதுபோல. பிறகு பாதத்தின் முன்பாதி. குதிகால் தரையைத் தொட அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடம்தான் ‘ஜிஞ்சர்லி’.

ஆகவே உங்களுக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது இது. ‘ஜிஞ்சர்லி’ என்பது கவனத்தில் ஒரு வகை, கவனம் முழுவதும் அதில் அடங்காது. அதில் ஒரு சின்ன பயம் இருக்க வேண்டும். எனக்கு வலிக்குமோ, கையில் இருப்பது உடையுமோ, மேலே அழுக்குப் படுமோ, தூங்குகிறவர் எழுந்துவிடுவாரோ என்று ஏதாவது ஒன்று. அந்தப் பயம் உடம்பில் தெரியவும் வேண்டும். வேகம் குறைந்திருக்கும், அழுத்தம் குறைந்திருக்கும், எந்த நொடியிலும் கையையோ காலையோ பின்னால் இழுத்துக்கொள்ளத் தயாராக இருக்கும். இதனால்தான் உங்கள் மகன் வாக்கியம் நிற்கவில்லை. விழுந்தவரைப் பார்த்து ஓடுகிறவனிடம் வேகம் இருக்கிறது, தயக்கம் இல்லை. ஓட்டமும் ‘ஜிஞ்சர்லி’யும் ஒரே காலில் சேராது. ஆசிரியர் மனத்தில் வேறு காரணமும் இருந்திருக்கலாம், அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் நான் திருத்தியிருந்தாலும் அங்கேதான் வட்டம் போட்டிருப்பேன்.

ஒப்பந்தத்தை ‘கேர்ஃபுல்லி’ படிக்கலாம், ‘ஜிஞ்சர்லி’ படிக்க முடியாது. திட்டத்தை ‘கேர்ஃபுல்லி’ போடலாம், ‘ஜிஞ்சர்லி’ போட முடியாது. உடம்பு அசையாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை குறைவு. நடப்பது, காலடி வைப்பது, தொடுவது, தூக்குவது, உட்காருவது, திறப்பது, இறங்குவது போன்ற வினைகளோடுதான் அது பெரும்பாலும் குடித்தனம் நடத்துகிறது. சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் மீன்கடை வரிசையில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். தரையெல்லாம் ஐஸ் உருகிய தண்ணீர், செதில். வாடிக்கையாக வரும் ஆன்ட்டிகள் ரப்பர் செருப்பில் சர்ரென்று போய்க்கொண்டிருப்பார்கள். அலுவலகக் காலணியோடு வழி தவறி உள்ளே வந்த ஒருவர் மட்டும் முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பாதத்தை மட்டமாக வைத்து வைத்து வருவார். அவர் நடை ‘ஜிஞ்சர்லி’. தைப்பூசத்தன்று வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு சிராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு நோக்கிப் போகிறவர்கள் தார் சுடும் இடங்களில் காலை வைத்து வைத்து எடுப்பார்களே, அதற்கும் பொருந்தும். தீமிதிக்குப் பொருந்தாது. பூக்குழியில் யாரும் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதில்லை.

‘ஜென்ட்லி’யோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்களும் நிறைய. பிள்ளைகளுக்குப் புரிய வைக்க நான் சொல்லும் உதாரணம் பிரசவ வார்டு. தாதி குழந்தையைத் தூக்குவது ‘ஜென்ட்லி’. தினமும் பத்துக் குழந்தையைத் தூக்குகிற கை, மென்மை இருக்கும், பயம் இருக்காது. அதே குழந்தையை முதல்முறை கையில் வாங்கும் அப்பா, தோளைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலை எந்தப் பக்கம் சாயுமோ என்று வாங்குவார் பாருங்கள், அது ‘ஜிஞ்சர்லி’. தமிழில் முதலாவதுக்குப் ‘பூப்போல’ என்று சொல்லிவிடலாம். இரண்டாவதுக்குப் பூப்போல என்றால் அந்த அப்பாவின் நடுக்கம் போய்விடும்.

இன்னொன்று. இது பெரும்பாலும் பார்க்கிறவர் சொல்லும் சொல். கண்ணாடிப் பொருள் வரும் பெட்டியின் மேல் ‘ஹேண்டில் வித் கேர்’ என்றுதான் அச்சடிப்பார்கள், ‘ஹேண்டில் ஜிஞ்சர்லி’ என்று போட மாட்டார்கள். பொருளைப் பத்திரமாக வை என்று கட்டளையிடலாம், பயந்து பயந்து வை என்று கட்டளையிட்டால் வேடிக்கையாக இருக்கும். என் சிகிச்சையாளர் சொன்னாரே என்று கேட்பீர்கள். சொல்லலாம்தான், அவர் கற்றுக்கொடுத்ததே ஓர் அசைவை. ஆனால் கதை எழுதும்போது வருகிற அளவுக்கு அறிவுரையில் இந்தச் சொல் வராது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல் தேடினால் கிடைக்காது. பல நாள் தேடிவிட்டுத்தான் சொல்கிறேன். மெல்ல, பைய, பதமாக, பக்குவமாக என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கும். மெல்ல என்பதில் வேகம் மட்டும் இருக்கிறது. பதம் என்பதில் அளவு இருக்கிறது, பயம் இல்லை. பக்குவம் அனுபவசாலியின் குணம், அது கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். எனக்கு வழி காட்டியவர் அந்தப் பாட்டிதான். ‘நோகாம’ என்று சொன்னதும் அவருக்குப் புரிந்தது. ஆங்கிலம் ஒரே வினையடையில் பூட்டி வைப்பதைத் தமிழ் எதிர்மறை எச்சத்தில் சொல்லிவிடுகிறது. எது நடந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறோமோ அதை எடுத்து ‘ஆமல்’ சேர்த்தால் போதும். காப்பிக்கடையில் விளிம்புவரை ஊற்றிய தேநீரை மேசைக்குக் கொண்டுபோகிறவர் சிந்தாமல் கொண்டுபோகிறார். தூங்கும் பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுகிற அம்மா அலுங்காமல் உருவுகிறாள். ஈரத்தரையில் நடப்பவர் வழுக்காமல், குழந்தையின் அணையாடையைப் பிரிக்கும் சித்தப்பா கையில் படாமல். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலக் கதாசிரியர் ‘ஜிஞ்சர்லி’ ஒன்றையே போட்டிருப்பார். ஆங்கிலச் சொல் பயந்தவனின் அசைவைக் காட்டிவிட்டு எதற்குப் பயம் என்பதை வாசகரின் ஊகத்துக்கு விட்டுவிடுகிறது. நாம் பயத்துக்குப் பெயர் வைத்துச் சொல்கிறோம். அதனால் மொழிபெயர்க்க உட்காரும்போது அகராதியைத் திறப்பதற்கு முன், இந்த ஆள் எதற்குப் பயப்படுகிறான் என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம். முக்கால்வாசி நேரம் அதற்குப் பதில் கிடைத்ததும் சொல்லும் கிடைத்துவிடும். ‘பார்த்துப் பார்த்து’, ‘தொட்டுத் தொட்டு’, ‘தயங்கித் தயங்கி’ என்ற இரட்டைகளும் கைகொடுக்கும். அசைவு துண்டு துண்டாக வருவதை அவை அழகாகக் காட்டும்.

ஒரு குழியை மட்டும் காட்டிவிடுகிறேன். ‘பட்டும் படாமலும்’ என்பது கண்ணுக்கு அப்படியே பொருந்துவதுபோலத் தெரியும். நானும் ஆரம்பத்தில் போட்டிருக்கிறேன். ஆனால் நம் காதுக்கு அது ஒட்டாமல் விலகி நிற்பது. ‘பட்டும் படாமலும் பேசினார்’ என்றால் மனம் வைக்காமல் பேசினார் என்று பொருள். ஆங்கிலத்தில் ஒரு பேச்சை ‘ஜிஞ்சர்லி’ எடுக்கிறவர் அந்த விஷயத்தில் மிகுந்த அக்கறையோடுதான் எடுக்கிறார், எதிராளி சினந்துவிடுவாரோ என்பதுதான் கவலை. சம்பள உயர்வு கேட்பது, நின்றுபோன கல்யாணப் பேச்சைத் திரும்ப ஆரம்பிப்பது எல்லாம் அந்த வகை. அங்கே நமக்கு அருமையான சொல் ஒன்று இருக்கிறது: நூல் விட்டுப் பார்ப்பது. ‘மெல்ல நூல் விட்டுப் பார்த்தார்’ என்றால் ஒன்றும் குறையாது.

இனி மாமியாரின் இஞ்சி. உறுதியானது முதலில்: ‘ஜிஞ்சர்லி’க்கும் ‘ஜிஞ்சர்’ என்ற இஞ்சிக்கும் பிறப்பால் தொடர்பு இருப்பதாக எந்த நல்ல அகராதியும் சொல்லவில்லை. இந்தச் சொல் ஆங்கில எழுத்தில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைகாட்டுகிறது. அப்போது அதில் பயமே இல்லை. நளினமாக, சிற்றடி வைத்து நடப்பதையும் ஆடுவதையும் அது குறித்தது. அடுத்த நூற்றாண்டு பிறக்கும்போது ‘மிகுந்த எச்சரிக்கையோடு’ என்ற பொருள் வந்துவிட்டது. நளின நடை போகப்போகப் பயந்த நடையாக மாறியதில் ஆச்சரியம் இல்லை, இரண்டுக்கும் அடி சிறிது. இதற்கு முன்னால் போனால் ஊகம்தான். பழைய பிரெஞ்சில் மென்மையான, அழகான என்று பொருள்படும் ‘ஜென்ட்’ என்ற சொல்லின் ஒப்பீட்டு வடிவம் ‘ஜென்சர்’, அதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். ‘இருக்கலாம்’ என்பது அவர்கள் சொல், நான் சேர்த்ததில்லை. அந்த ஊகம் சரியென்றால் ‘ஜென்டில்’ இதற்கு ஒன்றுவிட்ட உறவு ஆகிறது, நல்ல பிறப்பைக் குறித்த லத்தீன் குடும்பம்.

இஞ்சியின் கதை வேறு, அது நம் வீட்டுக் கதை. ‘ஜிஞ்சர்’ பழைய ஆங்கிலத்தில் ‘கிங்கிபர்’ போல ஒலித்த சொல், லத்தீன் வழியாக வந்தது, லத்தீனுக்குக் கிரேக்கத்தின் ‘ஜிங்கிபெரிஸ்’ மூலம், கிரேக்கத்துக்குப் பாலி, பிராகிருதம் பக்கத்தின் ‘சிங்கிவேர’. இதுவரை சர்ச்சை இல்லை. அந்தச் ‘சிங்கிவேர’வைச் சமஸ்கிருதத்தில் ‘சிருங்கவேர’ ஆக்கி, கொம்பு வடிவம் உடையது என்று விளக்கம் சொன்னார்கள். அது பின்னால் ஒட்டிய விளக்கம் என்றும், அடியில் இருப்பது நம் ‘இஞ்சி வேர்’தான் என்றும் மொழியியலாளர் பலர் ஏற்கிறார்கள். ‘இஞ்சி’ என்ற சொல்லே நமக்குக் கிழக்கிலிருந்து, தென்கிழக்காசிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. அது இன்னும் முடியாத வழக்கு. ஆக, மாமியாரிடம் ‘இந்தச் சொல்லில் இஞ்சி இல்லை, ஆனால் ஆங்கிலேயர் இஞ்சியில் நம் வேர் இருக்கிறது’ என்று சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் இஞ்சியை வைத்து வந்த வழக்குகள் எல்லாம் நேர் எதிர். ‘ஜிஞ்சர் அப்’ என்றால் சுறுசுறுப்பு ஏற்றுவது. குதிரை வியாபாரிகள் கிழட்டுக் குதிரையை விற்கும்போது அது வாலைத் தூக்கிக்கொண்டு துள்ள வேண்டும் என்பதற்காக இஞ்சியை எங்கே வைத்தார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அந்தக் குதிரை ‘ஜிஞ்சர்லி’ நடந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம். அப்புறம், லிட்டில் இந்தியா கடைகளில் நல்லெண்ணெய்ப் போத்தலில் ‘ஜிஞ்ஜிலி ஆயில்’ என்று இருக்கிறதே, அதையும் சிலர் இதோடு சேர்த்துவிடுவார்கள். அது எள். போர்த்துக்கீசியர் ‘ஜெர்ஜெலிம்’ என்றார்கள், அதற்கு முன் அரபியில் ‘ஜுல்ஜுலான்’. மூன்று சொற்களும் ஒலியில் மட்டும்தான் சொந்தம்.

இலக்கணத்தில் சொல்ல அதிகம் இல்லை. ‘லி’யில் முடிந்தாலும் இது பெயரடையாகவும் வரும், வினையடையாகவும் வரும், வடிவம் மாறாது. ‘இன் எ ஜிஞ்சர்லி மேனர்’ என்று எழுதினால் பிழை இல்லை, நீளம்தான். வினைக்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே நுழைத்தால் மட்டும் உறுத்தும். அந்த ‘லி’ விகுதியைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் இருக்க முடியவில்லை: பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்கு உடல் என்று பொருள். எல்லா ‘லி’ சொற்களுக்கும் பொதுவான விகுதிதான், ஆனால் இந்தச் சொல்லில் அது பொருத்தமாக உட்கார்ந்திருப்பதாக எனக்கு ஒரு மயக்கம்.

கடைசியாக, அந்தப் பட்டியல்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் கட்டுரைக்குக் குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும், அதற்காகப் பிள்ளைகள் நூறு வினையடைகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். பட்டியலில் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரே பொருள் இருக்கும், அந்தச் சொல் எந்த வினையோடு சேரும் என்பது இருக்காது. நான் கற்பித்த காலத்தில் ஒரு வாரத்தில் திருத்திய நாற்பது கட்டுரைகளில் பாதிப் பேர் கதவை ‘ஜிஞ்சர்லி’ திறந்தார்கள். கதவுக்குப் பின்னால் பிறந்தநாள் கேக்தான் இருந்தது. உங்கள் மகன் சொல்லைத் தூக்கி எறிய வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். ஓடியதற்கு எந்த அடைமொழியும் தேவையில்லை, வெறும் ‘ரேன்’ போதும். தாத்தாவிடம் போய்ச் சேர்ந்த பிறகு, அவர் முழங்கை சிராய்த்திருக்கிறது என்று வையுங்கள், அந்தக் கையைத் தூக்கிப் பார்க்கிறானே, அங்கே போடட்டும்: ‘ஐ ஜிஞ்சர்லி லிஃப்டட் ஹிஸ் ஆர்ம்.’ தமிழில் அவனையே சொல்லச் சொல்லுங்கள். ‘தாத்தாவுக்கு வலிக்காம கையைத் தூக்கினேன்’ என்று அவன் வாயில் வந்தால், ஆங்கில வாக்கியத்தில் அந்தச் சொல்லை இனி யாரும் வட்டமிட மாட்டார்கள்.